அதிர்ஷ்டப் பந்தும் புள்ளியியல் பாடநூலும்

2010இல் ஜெர்மனியின் கொலோன் பல்கலைக்கழக உளவியலாளர்கள் மூவர் ஒரு சிறு சோதனையை வெளியிட்டார்கள். 28 மாணவர்கள். ஆளுக்குப் பத்து முறை கோல்ஃப் பந்தைக் குழிக்குள் தட்டிவிட வேண்டும். பாதிப் பேரிடம் பந்தைக் கொடுக்கும்போது, அது ராசியான பந்து என்று ஒரு வார்த்தை சொன்னார்கள். மற்றவர்களிடம், எல்லோரும் ஆடிய அதே பந்துதான் என்றார்கள். ராசி என்று கேட்டவர்கள் சராசரியாக 6.42 பந்துகளைக் குழிக்குள் போட்டார்கள், கேட்காதவர்கள் 4.75. ‘சைக்கலாஜிக்கல் சயின்ஸ்’ என்ற பெயர்பெற்ற ஆய்விதழில் இது வந்தது. மூடநம்பிக்கைக்கும் பலன் உண்டு என்று சொல்லும் ஆய்வை ஊடகங்கள் விடுமா?

நான்கு ஆண்டுகள் கழித்து, சிகாகோவை அடுத்துள்ள டொமினிகன் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் கேலின்-ஜேக்மன், சக பேராசிரியர் ட்ரேசி கால்டுவெல்லுடன் சேர்ந்து அதே சோதனையைத் திரும்பச் செய்தார். ஒரு முறை அல்ல, இரண்டு முறை. ஒவ்வொரு முறையும் நூறு பேருக்கு மேல். ராசிக்குப் பலன் ஏதும் இல்லை என்று சொல்லிவிடலாம் போன்ற முடிவுதான் வந்தது.

கொலோன்காரர்கள் பொய் சொன்னார்களா? இல்லை. அவர்கள் பாடப்புத்தகத்தில் படித்தபடிதான் செய்தார்கள். சிக்கல் அந்தப் பாடப்புத்தகத்தில் இருந்தது என்று தன் வாழ்நாளில் பெரும்பகுதியைச் செலவிட்டு வாதிட்ட ஒருவர் இருக்கிறார்: ஆஸ்திரேலியாவின் மெல்பர்னில் உள்ள லா ட்ரோப் பல்கலைக்கழகத்தின் ஓய்வுபெற்ற உளவியல் பேராசிரியர் ஜெஃப் கம்மிங். வாதிட்டதோடு நிற்காமல் வேறு பாடப்புத்தகமும் எழுதினார். இரண்டாவதாக எழுதிய புத்தகத்தில் அவருக்குக் கூட்டு, மேலே சொன்ன அதே கேலின்-ஜேக்மன்.

முதலில், பழைய பாடப்புத்தகம் என்ன சொல்லிக்கொடுத்தது என்று பார்ப்போம். உளவியல் படித்த யாரைக் கேட்டாலும் ‘பி-மதிப்பு’ என்ற சொல்லைச் சொல்வார்கள். அது 0.05க்குக் கீழே இருந்தால் முடிவு ‘சிக்னிஃபிகன்ட்’. ஆய்வேடு பிழைக்கும், கட்டுரை அச்சேறும். மேலே போனால் மேசை இழுப்பறைக்குள் போகும்.

அந்த எண் உண்மையில் சொல்வது இவ்வளவுதான்: ராசிப் பந்துக்கு எந்தப் பலனும் இல்லை என்றே வைத்துக்கொள்வோம், அப்படியும், தற்செயலாகவே, இவ்வளவு வித்தியாசமோ இதைவிடப் பெரிய வித்தியாசமோ வருவதற்கு எவ்வளவு வாய்ப்பு இருக்கிறது? 0.05க்குக் கீழே என்றால், அப்படி வருவது அரிது. சரி. ஆனால் பலன் இல்லாமல் இருப்பதற்கான வாய்ப்பு எவ்வளவு என்று அது சொல்லவில்லை. பலன் எவ்வளவு பெரியது என்றும் சொல்லவில்லை. திரும்பச் செய்தால் மறுபடியும் வருமா என்றும் சொல்லவில்லை. நமக்குத் தெரிய வேண்டியதோ இந்த மூன்றும்தான். அதனால் படிப்பவர்கள், ஆசையின் காரணமாக, அந்த எண்ணுக்குள் இந்த மூன்றையும் வாசித்துவிடுகிறார்கள்.

மாணவர்கள் மட்டும் இல்லை. 2002இல் ஜெர்மன் பல்கலைக்கழகங்கள் ஆறில் ஹாலர், கிரவுஸ் என்ற இருவர் கேட்டுப் பார்த்தபோது, பி-மதிப்பு பற்றிய ஆறு தவறான கூற்றுகளில் ஒன்றையாவது சரி என்று நம்பினார்கள் மாணவர்கள் அத்தனை பேரும்; புள்ளியியலைச் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்களிலேயே நூற்றுக்கு எண்பது பேர். 2019இல் கனடாவில் ஸ்காட் காஸிடியும் கூட்டாளிகளும் 30 அறிமுக உளவியல் பாடநூல்களைப் புரட்டினார்கள். பி-மதிப்பு சார்ந்த அந்த ‘சிக்னிஃபிகன்ட்’டுக்கு விளக்கம் கொடுத்திருந்த நூல்களில் 89 விழுக்காடு அதைத் தவறாகவே விளக்கியிருந்தன. கல்லூரிக்குள் நுழையும் மாணவர் முதல் நாளிலேயே பிழையைப் படிக்கிறார், பிழையைத் தேர்வில் எழுதுகிறார், மதிப்பெண்ணும் வாங்குகிறார்.

இதற்கு ஒரு வரலாறு உண்டு. 1925இல் புள்ளியியலாளர் ரொனால்ட் ஃபிஷர் ஆராய்ச்சியாளர்களுக்கான தன் கையேட்டில் 0.05 என்ற எல்லையை வசதிக்காகச் சொன்னார். சில ஆண்டுகளில் நெய்மன், எகான் பியர்சன் என்ற வேறு இரு புள்ளியியலாளர்கள் வேறொரு தத்துவத்தின் மேல் வேறொரு முறையைக் கட்டினார்கள். ஃபிஷருக்கும் நெய்மனுக்கும் சாகும்வரை ஒத்துவரவில்லை. ஆனால் 1940களிலிருந்து உளவியல் மாணவர்களுக்குப் புள்ளியியல் பாடநூல் எழுதியவர்கள் இந்த இரண்டையும் ஒன்றாகக் கலக்கி, சண்டையை மறைத்து, யார் சொன்னது என்ற பெயர்களையும் எடுத்துவிட்டு, ‘புள்ளியியல் இப்படித்தான்’ என்று கொடுத்தார்கள். கெர்ட் கிகரென்சர் என்ற ஜெர்மன் உளவியலாளர் இதைத் தோண்டி எழுதியிருக்கிறார். அந்தக் கலவையை எந்த மேதையும் முன்மொழியவில்லை. அது பாடநூல்களின் படைப்பு.

கம்மிங் ஆக்ஸ்ஃபோர்டில் சோதனை உளவியலில் முனைவர் பட்டம் வாங்கியவர். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் புள்ளியியல் கற்பித்தார். உளவியல் துறையில் அது யாரும் விரும்பிக் கேட்டு வாங்கும் வகுப்பு அல்ல. மனித மனத்தைப் படிக்க வந்தோம், கணக்கு எதற்கு என்ற முகங்களுக்கு முன்னால் நிற்க வேண்டும். அவர் சூத்திரங்களைக் குறைத்துப் படங்களைக் கூட்டினார். எக்செலுக்குள் ஓடும் ஒரு மென்பொருளைத் தானே எழுதினார்; அதன் பெயர் ‘எஸ்கி’. அதில் ஒரு பொத்தானை அழுத்தினால் கணினி ஒரு கற்பனைச் சோதனையைச் செய்து முடிவைத் திரையில் போடும். மறுபடி அழுத்தினால் அதே சோதனை, வேறு ஆட்கள். அழுத்திக்கொண்டே இருக்கலாம்.

இங்கேதான் அவருடைய புகழ்பெற்ற விளக்கம் பிறந்தது. இரண்டு குழுக்கள், குழுவுக்கு 32 பேர். உண்மையாகவே நடுத்தரமான ஒரு வித்தியாசம் இருக்கிறது என்று கணினிக்கு நாமே சொல்லிவைத்துவிடுகிறோம். இப்போது ஒரே சோதனையைத் திரும்பத் திரும்ப ஓட்டினால், பி-மதிப்பு ஒரு முறை 0.001, அடுத்த முறை 0.4, அதற்கடுத்து 0.03 என்ற மாதிரி தாவுகிறது. உண்மை மாறவே இல்லை. எண் மட்டும் ஆடுகிறது. கம்மிங் இதற்கு ‘பி-மதிப்புகளின் நடனம்’ என்று பேர் வைத்து, ஒவ்வொரு மதிப்புக்கும் ஓர் ஒலியையும் சேர்த்தார்: பெரிய மதிப்புக்கு முனகல், சிறிய மதிப்புக்குக் கிணுகிணுப்பு. 2009இல் யூடியூபில் ஏறிய அந்தக் காணொளியைப் பார்த்த பிறகு 0.049க்கும் 0.051க்கும் நடுவே கோடு கிழிக்க மனசு வராது.

இந்தக் கற்பனைச் சோதனையில், உண்மையான வித்தியாசத்தைச் சோதனை ‘கண்டுபிடிக்க’ சுமார் பாதி வாய்ப்புதான். மிகைப்படுத்தவில்லை. உளவியலாளர் ஜேக்கப் கோஹென் 1962இலேயே அன்றைய உளவியல் ஆய்வுகளைக் கணக்கிட்டுப் பார்த்து, நடுத்தரமான விளைவைப் பிடிக்கும் திறன் அவற்றுக்கு ஏறக்குறைய பாதிதான் என்று காட்டியிருந்தார். துறை கேட்டுக்கொண்டது, பழையபடியே நடந்தது.

2008இல் வந்த ஒரு கட்டுரையில் கம்மிங் இந்தத் தாவலுக்கு எண் போட்டார். ஓர் ஆய்வில் பி-மதிப்பு சரியாக 0.05 வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே ஆய்வைத் திரும்பச் செய்தால், ஒருபக்கச் சோதனையின் பி-மதிப்பு 0.00008க்கும் 0.44க்கும் இடையில் எங்காவது விழ 80 விழுக்காடு வாய்ப்பு. மிச்சம் 20 விழுக்காடு அதற்கும் வெளியே. இவ்வளவு அகலமான ஊகத்தை வைத்துக்கொண்டு எதைத் தீர்மானிக்க முடியும்?

சரி, பி-மதிப்பை நம்பாதே என்றால் எதைப் பார்ப்பது? கம்மிங்கின் பதில் எளிது: ‘இருக்கிறதா, இல்லையா’ என்று கேட்காதே, ‘எவ்வளவு’ என்று கேள். கூடவே, ‘அந்த எவ்வளவு எந்த அளவுக்கு உறுதி’ என்றும் கேள். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்போம். அந்தப் பானை ஒரே சீராக வெந்திருப்பதால் அது செல்லும். மனிதர்கள் அப்படி வேகவில்லை. இருபத்தெட்டுப் பேரைத் தொட்டுப் பார்த்து ஊரைச் சொன்னால், எவ்வளவு தவறியிருக்கக்கூடும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அதைச் சொல்வதுதான் நம்பிக்கை இடைவெளி. 95 விழுக்காடு நம்பிக்கை இடைவெளி என்றால், இதே முறையில் திரும்பத் திரும்பக் கணக்கிடும் இடைவெளிகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து, உண்மையான மதிப்பைத் தமக்குள் வைத்திருக்கும்.

ராசிப் பந்துக்குத் திரும்புவோம். பத்துத் தட்டலில் 1.7 பந்து வித்தியாசம் என்பது பெரிதாகத் தெரிகிறது. இடைவெளியைப் போட்டுப் பார்த்தால், அது பூஜ்ஜியத்தை ஒட்டிய இடத்தில் தொடங்கி மூன்று பந்துகளைத் தாண்டிப் போகிறது. அதாவது, ராசி என்ற வார்த்தை ஒன்றுமே செய்யாமலும் இருக்கலாம், ஒரு சாதாரண ஆளைத் தேர்ந்த ஆட்டக்காரராக்கும் மந்திரமாகவும் இருக்கலாம். இந்த ஆய்விலிருந்து சொல்ல முடியாது. ‘சிக்னிஃபிகன்ட்’ என்ற ஒற்றைச் சொல் இந்த அகலத்தை மறைத்துவிட்டது. கம்மிங்கும் கேலின்-ஜேக்மனும் தங்கள் மென்பொருளில் இந்தப் பந்து ஆய்வின் எண்களையும் மறுசோதனைகளின் எண்களையும் பயிற்சிக்காகவே போட்டு வைத்திருக்கிறார்கள். மாணவர் எல்லாவற்றையும் ஒரே படத்தில் அடுக்கிச் சேர்த்துக் கணக்கிடலாம். மெட்டா அனாலிசிஸ் என்று முதுகலையில் பயமுறுத்தப்படும் விஷயம் இளங்கலை மாணவரின் கைக்கு வருகிறது.

பாடநூல்தான் வழி என்ற முடிவுக்குக் கம்மிங் சும்மா வந்துவிடவில்லை. ஆய்விதழ் ஆசிரியர்களைக் கொண்டு மாற்றிவிடலாம் என்றுதான் முதலில் எல்லோரும் நினைத்தார்கள். 1990களில் ‘மெமரி அண்ட் காக்னிஷன்’ இதழுக்கு ஆசிரியராக இருந்த ஜெஃப்ரி லாஃப்டஸ், பி-மதிப்பைக் குறைத்து, முடிவு எவ்வளவு தவறியிருக்கக்கூடும் என்று காட்டும் பிழைக்கோடுகள் போட்ட வரைபடங்களைக் கொடுங்கள் என்று கட்டுரையாளர்களைக் கேட்டார். ஓரளவு கேட்டார்கள். அவர் பதவி முடிந்ததும் பழைய வழிக்குத் திரும்பிவிட்டார்கள். பிழைக்கோடு போட்டவர்களும் பல நேரம் அதைப் படத்தில் வைத்துவிட்டு, எழுத்தில் பி-மதிப்பையே பேசினார்கள். இதை ஆராய்ந்து 2004இல் கட்டுரையாக்கிய குழுவில் கம்மிங்கும் ஒருவர். அடுத்த ஆண்டு அவருடைய குழு இன்னொன்றையும் கண்டது: ஆய்விதழ்களில் எழுதும் நிலையில் உள்ள ஆராய்ச்சியாளர்களிலேயே பலருக்குப் பிழைக்கோடுகளைச் சரியாக வாசிக்கத் தெரியவில்லை. இருபது வயதில் கற்காததை ஐம்பது வயதில் ஆசிரியரின் கடிதம் கற்பித்துவிடாது.

இப்படி 2012இல் முதல் நூல் வந்தது. அதில் ‘புதிய புள்ளியியல்’ என்ற பெயரைப் போட்டார். உள்ளே இருப்பது எதுவும் புதிது இல்லை, பல பத்தாண்டுகளாகத் தெரிந்தவைதான், எல்லோரும் பயன்படுத்தினால் அதுதான் புதிது என்று தானே சொல்லியும்விட்டார். விற்பனைக்கு நல்ல பெயர் என்று குறை சொன்னவர்கள் உண்டு. எனக்கும் அந்தப் பெயர் கொஞ்சம் அதிகமாகத்தான் படுகிறது.

நூல் வந்த நேரம் துறையே ஆட்டம் கண்டிருந்தது. 2011இல் டாரில் பெம் என்ற மூத்த உளவியலாளர், எதிர்காலத்தை மனிதர்கள் முன்னுணர முடியும் என்று ஒன்பது சோதனைகளுடன் ஒரு கட்டுரை வெளியிட்டார். துறையின் முதல் வரிசை இதழ் ஒன்றில், வழக்கமான விதிகளின்படியே. அதே ஆண்டு சிம்மன்ஸ், நெல்சன், சைமன்சன் என்ற ஆராய்ச்சியாளர்கள் மூவர் இன்னும் குறும்பாக ஒன்று செய்தார்கள்: பீட்டில்ஸின் ஒரு பாட்டைக் கேட்டவர்களின் வயது ஒன்றரை ஆண்டு குறைந்துவிட்டது என்று ‘நிரூபித்தார்கள்’. எல்லாம் நடைமுறையில் எல்லோரும் செய்கிற சின்னச் சின்னத் தளர்வுகளால்: முடிவு வராவிட்டால் இன்னும் பத்துப் பேரைச் சேர்ப்பது, இரண்டை அளந்து நன்றாக வந்ததை மட்டும் சொல்வது, ஒரு குழுவை விட்டுவிடுவது. இப்படி நான்கு தளர்வுகளைச் சேர்த்தால், ஒன்றுமே இல்லாத இடத்தில் ‘ஏதோ இருக்கிறது’ என்று சொல்லிவிடும் வாய்ப்பு, புத்தகத்தில் சொல்லும் 5 விழுக்காடு அல்ல, 61 விழுக்காடு என்று காட்டினார்கள். 2015இல் பிரையன் நோசெக் ஒருங்கிணைத்த பெரிய குழு 100 உளவியல் ஆய்வுகளைத் திரும்பச் செய்தது. மூல ஆய்வுகளில் 97 விழுக்காடு ‘சிக்னிஃபிகன்ட்’. மறுசோதனையில் 36 விழுக்காடு. விளைவுகளின் அளவும் சராசரியாகப் பாதியாகச் சுருங்கியிருந்தது.

திறந்த அறிவியல் என்று இன்று சொல்வதன் பெரும்பகுதி இந்த அதிர்ச்சியிலிருந்து வந்தது. கட்டுரையை இலவசமாகப் படிக்கத் தருவது அதில் ஒரு சிறு பகுதிதான். சோதனை தொடங்கும் முன்பே என்ன செய்யப்போகிறோம், எதை அளக்கப்போகிறோம், எப்படிக் கணக்கிடப்போகிறோம் என்று எழுதி, தேதியோடு பொதுவில் பதிந்துவிடுவது முக்கியமானது. பிறகு மாற்றினால் தெரிந்துவிடும். தரவையும் கேள்வித்தாளையும் கணக்கீட்டையும் பிறர் எடுத்துப் பார்க்கும்படி வைப்பது இன்னொன்று. இன்னும் துணிச்சலான வழியும் உண்டு: முடிவு தெரியும் முன்பே, திட்டத்தை மட்டும் பார்த்து, கட்டுரையை ஏற்கலாமா வேண்டாமா என்று ஆய்விதழ் தீர்மானித்துவிடும். 2013இல் கிறிஸ் சேம்பர்ஸ் ‘கார்டெக்ஸ்’ இதழில் இதைத் தொடங்கினார். பலன் என்ன என்று 2021இல் வந்த ஓர் ஒப்பீடு காட்டியது. வழக்கமான உளவியல் கட்டுரைகளில் 96 விழுக்காடு, தங்கள் கருதுகோள் பலித்தது என்றன. இந்தப் புதிய வழியில் வந்தவற்றில் 44 விழுக்காடுதான். உளவியலாளர்களின் ஊகங்கள் திடீரென மோசமாகிவிடவில்லை. பலிக்காதவையும் வெளியே வந்தன, அவ்வளவுதான்.

சின்ன ஊக்கமும் எவ்வளவு வேலை செய்யும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. 2014 ஜனவரியில் அதே ‘சைக்கலாஜிக்கல் சயின்ஸ்’ இதழ், தரவைப் பொதுவில் வைப்பவர்களின் கட்டுரைக்கு மேல் ஒரு வண்ண முத்திரை குத்தத் தொடங்கியது. பணம் இல்லை, பரிசு இல்லை. அதற்கு முன் 3 விழுக்காட்டுக்கும் குறைவான கட்டுரைகள்தான் தரவு திறந்திருப்பதாகச் சொல்லின. ஒன்றரை ஆண்டில் அது 39 விழுக்காடானது. அதே மாதம் அதே இதழில் கம்மிங்கின் நீண்ட கட்டுரையும் வந்தது. ஒழுக்கமான ஆய்வுக்கு எட்டு படிகள் சொல்லும் கட்டுரை. பி-மதிப்புக்கு எதிரான பழைய சண்டையும் திறந்த அறிவியலும் அங்கே ஒன்றாகிவிட்டன.

இந்த இணைப்பைப் பாடமாக்கியதுதான் கம்மிங்கும் கேலின்-ஜேக்மனும் 2016இன் கடைசியில் கொண்டுவந்த அறிமுக நூல். ஒருவர் மெல்பர்னில், ஒருவர் இல்லினாயில். இரண்டாமவரின் ஆய்வுக்கூடத்து வேலையோ கடல்நத்தை ஒன்றின் நினைவாற்றல் பற்றியது. மற்ற நூல்கள் திறந்த அறிவியலைக் கடைசியில் ஓர் இணைப்பாக ஒட்டும். இவர்கள் முதல் அத்தியாயத்திலேயே எடுத்துக்கொண்டார்கள். மாணவர் சராசரி கணக்கிடக் கற்கும் முன்பே, ஒரே ஓர் ஆய்வை நம்பாதே, திரும்பச் செய்தார்களா என்று கேள், எல்லா முடிவுகளும் வெளியே வந்தனவா என்று கேள் என்று படித்துவிடுகிறார்.

பாடநூல் எழுதுவது கல்வியாளருக்குப் பெரும்பாலும் நட்டக் கணக்கு. பதவி உயர்வுக்கு ஆய்வுக் கட்டுரைதான் எண்ணப்படும். பாடநூல் எண்ணப்படாது, அல்லது கடைசியில் எண்ணப்படும். எழுதி முடித்தாலும் முடியாது. பயிற்சிக் கணக்குகள், விடைகள், ஆசிரியருக்கான ஸ்லைடுகள், தேர்வுக்கான வினா வங்கி எல்லாம் கூடவே வேண்டும். இல்லாவிட்டால் எந்தக் கல்லூரியும் தொடாது. ஏற்கெனவே இருபது ஆண்டுகளாக ஒரே பாடக்குறிப்பை வைத்து ஓட்டும் ஆசிரியர், அதைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாகத் தொடங்க ஒரு காரணம் கொடுக்க வேண்டும். தவறான விளக்கம் பாடநூல்களில் தங்கிப்போவதற்குச் சதி எதுவும் தேவையில்லை. புதிதாக எழுதுபவர் பழைய நூல்களைப் பார்த்து எழுதுகிறார், ஆசிரியர் தான் படித்ததைக் கேட்கிறார், பதிப்பகம் ஆசிரியர் கேட்பதை அச்சிடுகிறது.

ஒரு முரணைச் சொல்லாமல் விட முடியாது. திறந்த அறிவியலைச் சொல்லிக்கொடுக்கும் இந்த நூல், ரூட்லெட்ஜ் பதிப்பகம் விலைக்கு விற்கும் நூல். மென்பொருள் மட்டும் இலவசம். அதே ஆஸ்திரேலியாவில், அடிலெய்ட் பல்கலைக்கழகத்தில் உளவியல் மாணவர்களுக்குப் புள்ளியியல் கற்பித்த டேனியெல் நவாரோ, தன் பாடக்குறிப்புகளையே முழு நூலாக்கி யாரும் இறக்கி, திருத்தி, பகிரும்படி கொடுத்துவிட்டார். வேறொருவர் அதை எடுத்து இன்னொரு மென்பொருளுக்கு ஏற்ப மாற்றியும் எழுதினார். நூல் வாங்க வழியில்லாத ஊர்களில் படிக்கும் மாணவருக்கு நவாரோவின் வழிதான் உதவும் என்பது என் எண்ணம். பதிப்பகத்துக்கும் ஒரு நியாயம் உண்டு: பாடத்திட்டக் குழுக்களின் மேசைக்கு நூலைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வலை அதனிடம் இருக்கிறது.

கம்மிங்கின் மருந்தை எல்லோரும் ஏற்கவும் இல்லை. நம்பிக்கை இடைவெளியும் பி-மதிப்பும் ஒரே கணக்கிலிருந்து வருபவை. 95 விழுக்காடு இடைவெளியின் விளிம்பு பூஜ்ஜியத்தைத் தொட்டால் பி-மதிப்பு 0.05, அவ்வளவுதான். மறைப்பைக் கழற்றியிருக்கிறீர்கள், ஆள் ஒன்றே என்கிறார்கள் சிலர். 2014இல் ஹூக்ஸ்ட்ராவும் கூட்டாளிகளும் நடத்திய ஆய்வில், ஆராய்ச்சியாளர்கள் நம்பிக்கை இடைவெளியையும் பி-மதிப்பைப் போலவே தவறாகப் புரிந்திருப்பது தெரிந்தது. முன்னறிவையும் வாய்ப்பாகக் கணக்கில் சேர்க்கும் பேயசியப் புள்ளியியல் பக்கம் நிற்பவர்கள், அடித்தளத்தையே மாற்றாமல் படத்தை மாற்றுவதில் பலன் இல்லை என்பார்கள். 2015இல் ஒரு சமூக உளவியல் இதழ் பி-மதிப்பை முற்றிலும் தடை செய்தபோது, நம்பிக்கை இடைவெளியையும் சேர்த்தே தடை செய்தது.

இந்த விமர்சனத்தில் பாதியை ஒப்புக்கொள்ளலாம். கணக்கு ஒன்றுதான். ஆனால் அதைப் பார்க்கும் மனிதர் வேறாகிறார். ராசிப் பந்துக்கு ‘சிக்னிஃபிகன்ட்’ என்று வாசித்தவர் செய்தி எழுதப் போய்விடுவார். பூஜ்ஜியத்திலிருந்து மூன்று பந்துவரை நீளும் கோட்டைப் பார்த்தவர் கொஞ்சம் தயங்குவார். பல கணிதவியலாளர்கள் இந்தத் தயக்கத்துக்கு மதிப்பெண் கொடுப்பதில்லை. கற்பித்துப் பார்த்தவர்கள் கொடுப்பார்கள்.

அறிமுக நூலின் இரண்டாம் பதிப்பு 2024இல் வந்தது. எக்செல் கோப்புகளின் இடத்தில், இலவசமாகக் கிடைக்கும் ஜமோவி என்ற மென்பொருள் வந்தது. அதற்கான எஸ்கியைக் கேலின்-ஜேக்மன் எழுதினார். கம்மிங் இவ்வளவு எதிர்த்த பி-மதிப்புக்கும் நூலில் ஒரு முழு அத்தியாயம் இருக்கிறது, ஆறாவது. அதை வெட்டிவிட முடியாது. இந்த நூலைப் படித்து முடிக்கும் மாணவர் நாளை திறக்கப்போகும் ஆய்விதழ்களில், நூறு ஆண்டுக் கட்டுரைகளில், ஏறக்குறைய ஒவ்வொன்றிலும் அந்த எண்தான் உட்கார்ந்திருக்கும்.